வீட்டைச் சூடாக்கும் விறகுக் கணப்பை எங்கே வைப்பது?

அடுப்புக்கு இடம் தேடும் முன் புகைபோக்கிக்கு இடம் பாருங்கள். வளையாமல் நேராக மேலேறி, கூரை முகட்டுக்குப் பக்கத்தில் வெளியேறினால் உத்தமம். வீட்டுக்குள்ளேயே ஏறும் குழாய் சூடாக இருப்பதால் புகை தடையில்லாமல் மேலே போகும். வெளிச்சுவரை ஒட்டி ஏறும் குழாய் சீக்கிரம் குளிர்ந்துவிடும். புகையிலுள்ள ஆவி உட்புறத்தில் கறுப்பாக, பிசுபிசுவென்று தார் போலப் படியும். புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கக் காரணம் இந்தப் படிவுதான்.

அப்புறம், நீங்கள் அதிக நேரம் புழங்கும் அறையாக, முடிந்தால் வீட்டின் நடுப்பகுதியாக இருக்கட்டும். நிலவறை வேண்டாம் என்பேன். நிறைய வெப்பத்தை அங்குள்ள சுவர்களே உறிஞ்சிவிடும்.

அடுப்புக்கும் எரியக்கூடிய பொருள்களுக்கும் நடுவே விடும் இடைவெளியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள தூரமே கணக்கு. கையேடு இல்லாத பழைய அடுப்பு என்றால் எரியக்கூடிய எதிலிருந்தும் பொதுவாக 36 அங்குலம் தள்ளி வைப்பார்கள். ஜிப்சம் பலகை அடித்த சுவரை நம்பிவிட வேண்டாம். உள்ளே மரச்சட்டம் இருந்தால் அதுவும் எரியக்கூடிய சுவர்தான். அடுப்பின் கதவைத் திறக்கும்போது பொறி விழும் இடத்தில் எரியாத தளம் போடுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்தில் வைத்தால், அது ஓடும்போது புகை அறைக்குள் திரும்பக்கூடும்.