தோளில் பட்ட கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் ‘பேராசிரியர் பெர்ன்ஹார்டி’ நாடகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் பெர்ன்ஹார்டி என்கிற யூத டாக்டரைத் துரத்துவது யூத வெறுப்பு என்கிறீர்கள். நான் கத்தோலிக்கப் பெண், நர்ஸாக இருக்கிறேன். சாகக் கிடக்கிறவளுக்கு அவஸ்தைப்பூசுதல், அதாவது சாகும் முன் எண்ணெய் பூசும் சடங்கு, கொடுக்க வந்த பாதிரியாரை அந்த டாக்டர் தடுத்தது தப்புதானே? அதைக் கண்டித்தால் யூத வெறுப்பு ஆகிவிடுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆகாது. உங்கள் கேள்வி நியாயமானது. கருக்கலைப்புக்குப் பின் ரத்தத்தில் நஞ்சேறிய அந்தப் பெண், பிழைத்துவிட்டோம் என்று நம்பிக் கடைசி நேரத்தில் சந்தோஷமாக இருக்கிறாள். பாதிரியாரைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், அந்தச் சந்தோஷம் போய்விடும் என்கிறார் பெர்ன்ஹார்டி. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. அவள் மேடைக்கே வருவதில்லை, பக்கத்து அறையில் சாகிறாள். அதுவும் நர்ஸ் போய்ப் பாதிரியார் வந்திருப்பதைச் சொல்லிவிட்ட பிறகு, பூசுதலும் கிடைக்காமல்.

ஆனால் நாடகத்தில் அவரைத் துரத்துகிறவர்களுக்கு அவளைப் பற்றிக் கவலையே இல்லை. பெர்ன்ஹார்டி பாதிரியாரின் தோளை லேசாகத் தொட்டார், அவ்வளவுதான். அது வாய்க்கு வாய் மாறித் தள்ளியதாக ஆகிறது. மருத்துவமனையின் துணை இயக்குநர் எபன்வால்ட் பேரம் பேச வருகிறார்: துறைத் தலைவர் பதவிக்கு யூதரான வெங்கரை விட்டுவிட்டு ஹெல்லுக்கு ஓட்டுப் போடுங்கள், இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி வராமல் பார்த்துக்கொள்கிறோம். அந்தச் சடங்குக்கு நேர்ந்த அவமானம் ஒரு ஓட்டில் தீர்ந்துவிடுமா? யூத வெறுப்பு என்று நான் எழுதியது இதைத்தான். பெர்ன்ஹார்டி மறுக்கிறார், வழக்கு வருகிறது, இரண்டு மாதம் சிறை.

கதை 1900 வாக்கில் வியன்னாவில் நடக்கிறது. யூதர்களைத் திட்டியே ஓட்டு வாங்கிய கார்ல் லூகர் அப்போது அங்கே மேயர். ஷ்னிட்ஸ்லரும் டாக்டர், யூதர். அவருடைய அப்பா அதே ஊரில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கியவர்களில் ஒருவர். நாடகம் 1912இல் பெர்லினில்தான் முதலில் மேடையேறியது. ஆஸ்திரியாவில் தடை, 1918இல் முடியாட்சி விழுந்த பிறகே வியன்னாவுக்கு வர முடிந்தது.

நான்காம் அங்கத்தை மட்டுமாவது படித்துப் பாருங்கள். தீர்ப்புக்குப் பின் அந்தப் பாதிரியாரே பெர்ன்ஹார்டியைத் தேடி வருகிறார். மருத்துவராக நீங்கள் செய்தது சரி, ஆனால் திருச்சபைக்குக் கேடு என்பதால் கோர்ட்டில் அதைச் சொல்லவில்லை என்கிறார். பெர்ன்ஹார்டியால் அதை ஏற்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் போகும்போது பாதிரியார் கை நீட்டுகிறார், இவர் பற்றிக்கொள்கிறார்.

நீங்கள் நர்ஸ் என்பதால் கேட்கிறேன். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள்.

அன்புடன்