பார்கின்சனின் தொடக்கத்தில் மரபணுக்கள் என்ன செய்கின்றன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எலிகளுக்கும் பார்கின்சன் வருமா?

தானாக வராது, ஆய்வுக்காக நாம்தான் வரவைக்கிறோம். 1982-ல் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் உடல் விறைத்து, அசையவும் பேசவும் முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் துருவித் துருவிப் பார்த்ததில் அகப்பட்ட நச்சுதான் எம்.பி.டி.பி. மூளைக்குள் போனதும் அது வேறொரு பொருளாக மாறி, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் செல்களுக்குள் (பார்கின்சனில் சாவது இவைதான்) நுழைந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிவிடும். சுண்டெலிகளில் இன்றும் இதைத்தான் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பெரிய எலிகள் இதற்கு அவ்வளவாக மசிவதில்லை, அதனால் அவற்றின் மூளைக்குள் அதே செல்களைக் கொல்லும் 6-ஹைட்ராக்சிடோபமின் என்ற நச்சை நேராகவே செலுத்துவார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இந்த நோய் இருக்கிறது. மரபணுச் செயல்பாடு மாறுகிறது என்கிறார்களே, அப்படியென்றால் எனக்கும் வருமா?

பயப்படாதீர்கள், இது வேறு விஷயம். மரபணுவிலேயே பிழை இருப்பது ஒன்று. 1997-ல் இத்தாலியப் பூர்வீகம் கொண்ட ஒரு குடும்பத்தில் ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் அப்படி ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு இப்படி ஒற்றை மரபணு காரணமாக இருப்பதில்லை. செயல்பாடு என்பது, நல்ல மரபணுவாகவே இருந்தாலும் அதிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படுகிறது என்பதுதான். அது நாளுக்கு நாள், செல்லுக்குச் செல் மாறும்.

கேள்வி: நோய் வந்த எலிகளில் டோபமின் தயாரிக்கும் மரபணுவின் செயல்பாடு குறைகிறது என்று படித்தேன். அதைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, ஏனென்றால் ஆய்வாளர்களே தடுக்கி விழும் இடம் இது. டோபமின் செல்கள் இருக்கும் மூளைத் திசுவை அப்படியே அரைத்து ஆர்.என்.ஏ. அளந்தால் நீங்கள் சொல்லும் டோபமின் தயாரிப்பு மரபணுவான டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் நகல்கள் குறைவாகத்தான் தெரியும், ஆனால் அது உயிரோடிருக்கும் செல் வேலையைக் குறைத்ததாலா, செல்லே செத்துப்போனதாலா? அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. மனிதர்களுக்குக் கை நடுக்கம் வெளியே தெரியும்போதே அந்தச் செல்களில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும். அதனால்தான் செல்கள் சாவதற்கு முந்தைய நாட்களில் பார்ப்பதும், ஒவ்வொரு செல்லாகப் பிரித்து அளப்பதும் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சாகாத செல்களிலும் மாற்றம் உண்டு. டோபமின் வந்து சேரும் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எலிகளில் டோபமின் நின்றதும், அங்கே இயக்கத்தை அடக்கும் பாதையின் செல்களில் என்கெஃபலின் மரபணு வேகமெடுக்கிறது, இயக்கத்தைத் தூண்டும் பாதையின் செல்களில் சப்ஸ்டன்ஸ் பி மரபணு தணிகிறது (இரண்டுமே நரம்புச் செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்கள்). இரண்டு வகைச் செல்களும் உயிரோடுதான் இருக்கின்றன, ஆகவே இது உண்மையான செயல்பாட்டு மாற்றம். நோயாளியின் நடை ஏன் மெதுவாகிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

கேள்வி: எலியில் குணமானது மனிதரில் ஏன் குணமாவதில்லை?

வேகம்தான் முதல் காரணம். எம்.பி.டி.பி. சில நாட்களில் செய்துவிடும் சேதம் மனிதரில் பல வருடங்களாக நடப்பது. அப்புறம், நோயுற்ற மனித மூளையில் சேரும் லூவி உருண்டைகள் என்ற புரதத் திரள்கள் அந்தச் சுண்டெலிகளில் பொதுவாக உருவாவதில்லை. பழுதானால் மனிதர்களுக்குப் பார்கின்சனை வரவழைக்கும் பார்கின் என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில்கூட டோபமின் செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. எந்த விலங்கில், எத்தனையாவது நாளில், எந்தச் செல்லில் பார்த்தார்கள் என்ற மூன்றையும் சொல்லாத செய்தியை நம்பி மருந்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.