முன்னூறு ரூவா கோழிக்கு டாக்டரா?

கேள்வி: அண்ணாச்சி, நாப்பது நாட்டுக்கோழி வளக்கேன். போன வாரம் ஒண்ணு ரெக்கையைத் தொங்கப்போட்டு தூங்கி வழிஞ்சுது, வெள்ளையும் பச்சையுமா கழிஞ்சுது, மூணே நாள்ல பதினோரு கோழி போயிட்டு. தீவனக்கடைல குடுத்த பவுடரும் கேக்கல. மாட்டாஸ்பத்திரிக்குப் போலாம்னா வீட்டுல இவுக 'முன்னூறு ரூவா கோழிக்கு டாக்டரா'ன்னு சிரிக்காக. என்ன செய்யட்டும்?
- மானூர் பக்கத்து வாசகி

பதில்: பதினொண்ணை முன்னூறால பெருக்கிக் காட்டு தாயி, சிரிப்பு நின்னுரும். மாட்டாஸ்பத்திரின்னு சொல்லிச் சொல்லியே கோழிக்கு அங்க வேலை இல்லன்னு நினைச்சுட்டோம்.

நீ சொல்லுதது வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் இருக்கு, ராணிக்கெட்னு சொல்லுவாவளே அது. ஆனா ரத்தக்கழிச்சல்னாலும் கோழி இப்படித்தான் ஒடுங்கி நிக்கும், அதுக்கு மருந்து வேற. வெள்ளைக்கழிச்சல் வைரஸ்ல வருதது, ஆன்டிபயாட்டிக் பவுடரை மூட்டையா கொட்டினாலும் கேக்காது. எனக்கும் இப்படித்தான் ஒரு கடைல மூணு டப்பா தலைல கட்டினாவ, பதினெட்டு கோழி போன பெறவுதான் புத்தி வந்து, அன்னைக்கு காலைல செத்ததை ரெண்டு கவர்ல சுத்தி ஐஸ் வச்சு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கொண்டு போனேன். அறுத்து, இரைப்பைக்கு முன்னால உள்ள சின்னப் பையை விரிச்சுக் காட்டுனாவ, குண்டூசியால குத்துன மாதிரி ரத்தப் புள்ளி. உனக்கும் சங்கரன்கோவில் ரோட்டுல பஸ் ஏறினா அந்தக் கல்லூரி வழிலதான் இருக்கு. செத்த கோழிய குளத்துல மட்டும் வீசிராத, சுண்ணாம்பு போட்டு ஆழமா புதை. தூங்குததை தனியா அடை.

மிச்சத்துக்கு தடுப்பூசி எப்பன்னு டாக்டர்ட்ட கேட்டுட்டுப் போடு, சீக்கோழிக்குப் போடக்கூடாது. இனி பொரிக்கிற குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டாங்குத தடுப்பு மருந்து, கண்ணுல ஒரு சொட்டு, நாலாம் வாரம் இன்னொரு தடவை, எட்டாம் வாரம் றெக்கைக்கு அடில ஊசி. மருந்தை ஐஸ் பிளாஸ்க்ல வாங்கிட்டு வா, சட்டைப்பைல வச்சு வெயில்ல கொண்டு வந்தா அது வெறும் தண்ணிதான். கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிரணும்.

இதெல்லாம் மலைப்பா இருந்தா பிப்ரவரில ஊருக்கு ஊரு இலவசமா தடுப்பூசி முகாம் போடுவாவ, தேதிய ஆஸ்பத்திரில கேட்டு வச்சுக்கோ. அன்னைக்கு விடிஞ்சதும் பழக்கத்துல கூட்டைத் திறந்து விட்டுராத தாயி, பெறவு ஊசியோட வந்த ஆளு வேப்பமரத்தை அண்ணாந்து பாத்துட்டுதான் நிக்கணும்.