க்ரீமும் செல்ஃபியும்

கேள்வி: பள்ளி இறுதியாண்டு நடன விழாவான மெட்ரிக் டான்ஸுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. 17 வயது மகள், "நான் கறுப்பு, மூக்கும் பெரிசு" என்று, சந்தையில் வாங்கிய வெளுப்பு க்ரீமைத் தினமும் பூசுகிறாள். தடுத்தால் அழுகிறாள்.
- ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அம்மா. ஹைட்ரோகுவினோன், பாதரசம், குளோபெட்டசோல், இவற்றில் எது இருந்தாலும் ஆபத்து. சேர்மானமே அச்சிடவில்லையா? அப்போதும் நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஹைட்ரோகுவினோன் கலந்த அழகு க்ரீம்களுக்கு 1990களின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டது. சரக்கு மட்டும் கள்ளத்தனமாக இன்னும் வருகிறது.

ஹைட்ரோகுவினோன் நாள்பட்டால் கன்னத்தில் கருநீலத் திட்டாகப் படியும், லேசில் போகாது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; உடனே நிறுத்துங்கள். குளோபெட்டசோல் ஸ்டீராய்டு. பல வாரம் பூசிவிட்டுச் சட்டென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும். "க்ரீம் இல்லாததால்தான்" என்று பிள்ளை மறுபடி எடுப்பாள். ஆகவே பிடுங்கி எறியாமல், டப்பாவோடு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மூக்கு விஷயம் பாதி கேமராவின் வேலை. ஓரடி தூரத்து செல்ஃபியில் மூக்கு, ஐந்தடி தூரத்துப் படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று நீங்களே ஒரு படம் எடுத்து, அவள் செல்ஃபியின் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "அழகு மனசிலே" என்ற உபதேசம் அந்த வயதில் காதில் ஏறாது.

"வெயிலில் போனால் கறுத்துடுவே" என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? அந்தப் பேச்சு நிற்க வேண்டும். கண்ணாடி முன் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, வெளியே வரவே மறுக்கிறாள் என்றால் உளவியலாளரைப் பாருங்கள்.