குதிரைவாலி சாகவில்லையா? களைக்கொல்லி கேள்வி பதில்

மன்னார்குடி: ஐயா, நேரடி விதைப்பு நெல்லில் மூன்று வருடமாக பிஸ்பைரிபாக் களைக்கொல்லி அடிக்கிறேன். இந்தத் தடவை குதிரைவாலிப் புல் சாகவில்லை. மருந்தைத் தாங்கும் எதிர்ப்பு புல்லுக்கு வந்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். எத்தனையாவது நாளில் அடித்தீர்கள்? நான்கு இலையைத் தாண்டித் தூர் கட்டிவிட்டால் சாதாரணப் புல்லும் பிழைக்கும். தண்ணீரை வடிக்காமல் அடித்தாலும் அப்படித்தான். மற்ற களையெல்லாம் செத்து, செத்த குதிரைவாலிக்குப் பக்கத்திலேயே இன்னொன்று பச்சையாக நின்றால் சந்தேகப்படலாம். அதன் விதையையும், மருந்தே படாத இடத்து விதையையும் தனித்தனித் தொட்டியில் முளைக்கவைத்து, ஒரே நாளில் ஒரே அளவு அடித்துப் பாருங்கள்.

கடைக்காரர் பினாக்சுலம் கொடுத்தார். மாற்றி மாற்றி அடித்தால் போதும்தானே?

டப்பாதான் மாறியிருக்கிறது. இரண்டும் முடக்குவது செடி வளரத் தேவையான ஏஎல்எஸ் என்ற ஒரே நொதியை. எத்தாக்ஸிசல்பியூரானும் அதே கூட்டம்தான். புல்லுக்கு சைஹாலோபாப் வேறு வழியில் வேலை செய்யும். பெயரைப் பார்க்காதீர்கள், வகையைக் கேளுங்கள்.

மருந்துதானே புல்லின் மரபணுவை மாற்றிவிட்டது?

இல்லை. தாங்கக்கூடிய ஒன்றிரண்டு செடி மருந்து வருவதற்கு முன்பே வயலில் இருக்கும். மற்றவை செத்ததும் அது மட்டும் விதை போடுகிறது.

அப்படியானால் ஹரியானாவில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த களைக்கொல்லி திடீரென்று ஏன் பலிக்காமல் போனது?

திடீரென்று இல்லை தம்பி, நமக்குத் தெரிந்ததுதான் திடீரென்று. அங்கே கோதுமையில் மண்டூசி என்றொரு புல். சிறு வயதில் கோதுமை போலவே இருப்பதால் கையால் எடுப்பது கஷ்டம். வருடா வருடம் நெல், கோதுமை, அதே ஐசோபுரோட்டுரான் மருந்து. 1990களின் தொடக்கத்தில் புல் சாகாமல் நின்றது. சிலர் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். உள்ளே போகும் மருந்தை அந்தப் புல் வேகமாகச் சிதைத்துவிடுகிறது. மருந்தைக் குறைத்து அடித்தால் இந்த வகை எதிர்ப்புக்குக் கொண்டாட்டம்: அரைகுறையாகத் தாங்குகிற செடியும் தப்பி விதை போடும், அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் தாங்கும். அப்புறம் வந்த குளோடினாபாப், சல்போசல்பியூரானுக்கும் பின்னாளில் அதே கதி. உழாமல் விதைத்தது அங்கே கைகொடுத்தது, மண்ணைக் கிளறாததால் முளைப்பு குறைந்தது.

இரண்டு மடங்கு அடிக்கலாமா?

இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். பத்து சதவீத பிஸ்பைரிபாக் ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். விசிறி நாசில் போடுங்கள்.

தென்னையில் காண்டாமிருக வண்டு...

பூச்சி என் துறை இல்லை. வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

மூன்று மடங்கு?

இரண்டு மடங்குக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஒரு வருடம் மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு போய்விடுமா?

போகாது. விதை மண்ணில் கிடக்கிறது. ஏஎல்எஸ் எதிர்ப்புள்ள செடிகள் பல, மருந்தில்லாத வயலிலும் சளைக்காமல் வளரும். தப்பிய நாலு செடியைப் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். கதிர் வந்துவிட்டதென்றால் வரப்பில் போடாதீர்கள், சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோங்கள்.