அயஹுவாஸ்கா பூஜையும் தம்பியின் மாத்திரையும்

கேள்வி: தம்பி ஐ.டி.யில் இருக்கிறான். மனச்சோர்வுக்கு ஒரு வருடமாக எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறான். கனகபுரா ரோட்டில் ஒரு பண்ணை வீட்டில் ‘அயஹுவாஸ்கா பூஜை’ நடக்கிறதாம். ‘மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வா, இது மதச் சடங்குதான்’ என்கிறார்களாம். அனுப்பலாமா?
- வாசகி, பெங்களூரு

பதில்: அனுப்பாதீர்கள், சகோதரி.

மதச் சடங்கு என்பது பொய்யில்லை. பிரேசிலில் 1930-களில் இரினேயு செர்ரா தொடங்கிய சாந்தோ தைமே, 1961-ல் கப்ரியேல் த கோஸ்தா தொடங்கிய உனியாவ் தோ வெஜெதால் என்ற இரு மதப் பிரிவுகளிலும் அயஹுவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயம்தான் தீர்த்தம். பின்னதன் அமெரிக்கக் கிளைக்கு 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அந்த பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் உங்கள் தம்பிக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

கஷாயத்தில் சேரும் இலையில் டிஎம்டி என்ற, மாயக்காட்சிகளை உண்டாக்கும் போதைப்பொருள் உண்டு. அதை மட்டும் குடித்தால் உடம்பிலுள்ள எம்ஏஓ என்ற நொதி அழித்துவிடும். அதற்காகத்தான் ஹார்மின் உள்ள கொடியையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். ஹார்மின் அந்த நொதியை முடக்கிவிடும். மனநிலையோடு தொடர்புள்ள மூளை இரசாயனமான செரட்டோனினைச் சிதைப்பதும் இதே நொதிதான். தம்பியின் மாத்திரையோ செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. இரண்டு வழியும் அடைபட்டால் செரட்டோனின் எகிறும், உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று நாளில் மாத்திரையின் வேகம் தீராது. எம்ஏஓவை முடக்கும் மருந்து தருமுன் மருத்துவர்கள் பொதுவாக இரண்டு வாரம் இடைவெளி விடுவார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், பழைய சோர்வு எல்லாம் வரலாம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இது: அங்கே வாந்தி, வியர்வை, நடுக்கம் எல்லாவற்றையும் ‘உள்ளே சுத்தமாகிறது’ என்று விட்டுவிடுவார்கள். உடம்பு விறைப்பது, காய்ச்சல் ஏறுவது, பாதத்தை மேல்நோக்கித் தள்ளினால் அது தானே துடிப்பது - இவை சுத்திகரிப்பு அல்ல, அவசர சிகிச்சைக்கான அறிகுறிகள்.

சட்டமும் துணைக்கு வராது. 1985 போதைப்பொருள் சட்டப் பட்டியலில் டிஎம்டி இருக்கிறது. தெரிந்தே இடம் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

தம்பியைத் திட்டவேண்டாம், திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் போவான். எந்த வேதனைக்கு இதைத் தேடுகிறான் என்று கேளுங்கள். மாத்திரை போதவில்லை என்றால் அவனுடைய டாக்டரிடமோ நிமான்ஸ் மனநல மருத்துவமனையிலோ சொல்லி மாற்றிக்கொள்ளலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் கொடுத்து வையுங்கள். ஒருவேளை போய்க் குடித்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். மாத்திரை, கஷாயம் இரண்டின் பெயரையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.