காலிப் பெட்டியை நிரப்பியவர்

கேள்வி: என் விசைப்படகில் பல வருடங்களாக ஒருவரே டிரைவர். அவர் காட்டிய மீன்பாடுள்ள இடங்கள், வலை சிக்கும் இடங்கள் எல்லாம் ஜி.பி.எஸ்.ஸில் பாயிண்டாக ஏறிவிட்டன. குறைந்த பங்குக்கு வர ஓர் இளைஞன் தயாராக இருக்கிறான். கருவி என் காசில் வாங்கியது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் பழையவரை நிறுத்தினால் தவறா?
– படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

பதில்: கருவி உங்கள் காசு. சரி. வாங்கி வந்த அன்று அதில் ஒரு பாயிண்டாவது இருந்ததா? ராமேஸ்வரத்தின் 323 மீட்டர் டி.வி. டவரையும் கோயில் கோபுரத்தையும் தூரத்தில் வைத்தே இடம் பிடித்தவர், "இங்கே வலை இறக்காதீங்க, அடியிலே பார் இருக்கு" என்று சொல்லச் சொல்லத்தானே அது நிரம்பியது? அந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறையில், கிழிந்த வலைக்குப் பணம் போட்டது நீங்கள். அதனால் பாயிண்டில் உங்களுக்கும் பங்கு உண்டு. முழுவதும் உங்களுடையது என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

இன்னொன்று. கருவியின் விலையை டீசல், ஐஸோடு சேர்த்துப் பொதுச்செலவில் கழித்துவிட்டுத்தானே பங்கு பிரித்தீர்கள்? அப்படியானால் பெட்டியே முழுசாக உங்களுடையது இல்லை.

கருவியே கூடாது என்று சொல்லவில்லை. 1974இல் போட்ட இந்திய-இலங்கை எல்லைக்கோடு பாக் விரிகுடாத் தண்ணீரில் தெரியாது. இருட்டில் அதைத் திரையில்தான் பார்க்க முடியும். ஆனால் கோட்டைக் கண்டதும் திரும்புவதா, இன்னும் கொஞ்சம் போவதா என்பதை டிரைவர்தான் முடிவு செய்கிறார். குறைந்த பங்குக்கு வந்து, மீன்பாட்டைக் காட்டி வேலையைக் காப்பாற்ற வேண்டிய பையன் எந்தப் பக்கம் திருப்புவான் என்று நினைக்கிறீர்கள்? இலங்கைக் கடற்படை பிடித்தால் யாழ்ப்பாணச் சிறைக்குப் போகப்போவது அவன். நீங்கள் கரையில் இருப்பீர்கள். (படகும் போய்விடும், அது வேறு கதை.)

நிறுத்தித்தான் தீர வேண்டும் என்றால், தடைக்காலம் முடியும் ஜூன் 14 வரை வாய் மூடி இருந்துவிட்டு மறுநாள் ஜெட்டியில் வைத்துச் சொல்லாதீர்கள். வேறு படகு பார்க்க அவருக்கு நாள் வேண்டும். இப்போதே சொல்லுங்கள். அப்புறம், பாயிண்ட் முழுவதையும் ஒரு நோட்டில் எழுதி அவரிடமும் கொடுங்கள்.

அடுத்த படகும் அதே இடத்துக்கு வந்துவிடுமே என்று கை தயங்குகிறதா? அப்படியானால் அந்த நோட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, அதைப் பணமாகவே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.